பனி வாங்கிய துணி

ஜனவரி மாதக் கடைசி நாள், பொழுது சாயும்போது, ஒரு பெண் தன் வெள்ளைப் பசுவை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்து வருவாள் என்று எனக்குச் சொன்னது எங்கள் பக்கத்து வீட்டு அயர்லாந்து அம்மாள். வாசலில் போட்டிருக்கிற துணியை அவள் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போவாளாம். அப்படித் தொட்ட துணியை நெற்றியில் கட்டினால் தலைவலி போகும். தொண்டையில் சுற்றினால் தொண்டைக்கட்டு போகும். மாட்டின் முதுகில் போட்டால் சுகமாகக் கன்று ஈனும். பெண்ணின் வயிற்றில் போட்டால் சுகமாகப் பிள்ளை பிறக்கும். அவள் பெயரை அந்தம்மாள் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் என் நாக்கில் நிற்கவில்லை. நான் அவளைப் பசுக்காரி என்றே மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டேன்.

நான் இருப்பது பர் துபாயில், மகள் வீட்டில். மகளும் மாப்பிள்ளையும் விடிந்ததும் ஜெபல் அலிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் பொழுது அடையும்வரை எனக்கு பால்கனிதான். முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்த முறை வரட்டும் என்று நின்றுகொள்வேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கிலீஷில் தேங்க்யூவும் சாரியும் தெரியும், அவ்வளவுதான்.

அந்தம்மாள் போன அக்டோபரில் வந்தார். அவர் மகள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மருமகனுக்கு சோஹார் துறைமுகத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். டீச்சருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு முறை உண்டாகித் தங்கவில்லை. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் பால்கனிக்கும் அவர்கள் பால்கனிக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. முதல் நாள் அதற்கு மேலே ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்துச் சிரித்தது. நான் உள்ளே ஓடிவிட்டேன். மறுநாளும் எட்டிப் பார்த்தது. எத்தனை நாள்தான் ஓடுவது.

எங்களுக்குள் பாஷை என்று ஒன்று தானாகவே உண்டானது. அந்தம்மாள் வந்த வேகத்தில் டாக்ஸிக்காரர்களிடமிருந்து கிளம்புக்கு யல்லா, இல்லைக்கு மாஃபி, முடிந்ததுக்கு கலாஸ் என்று அரபி பிடித்து வைத்திருந்தார். எனக்கும் அதெல்லாம் கடைக்குப் போய் வந்ததில் தெரியும். மீதியைக் கை சொல்லும். கைக்கு அடங்காததை மகள் வீட்டுக்கு வந்தபின் சொல்லுவாள்.

"எம்மா, அந்தம்மா ஊர்ல மே மாசம் மொத நாளு வீட்ல இருந்து பாலு, உப்பு, நெருப்பு எதையும் வெளிய குடுக்க மாட்டாகளாம். குடுத்தா வீட்டு அதிஷ்டம் கூடப் போயிருமாம்."

"நாம மட்டும் விளக்கு வச்சபெறகு உப்பும் தயிரும் குடுக்கமாக்கும்?" என்றேன்.

மகள் இதைத் திருப்பிச் சொன்னதும் அந்தம்மாள் கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையாலும் தட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டும் நாற்காலியும் கூடுதலாகப் போட்டிருந்தது. கதவு தாழ்ப்பாள் போடாமல் ஒருக்களித்திருந்தது. செத்துப்போனவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்கள். இது எனக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது. அம்மாவாசைக்குப் படையல் போட்டுவிட்டுக் காத்திருக்கிற முகம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜன்னலில் ஒற்றை மெழுகுவர்த்தி வைத்தார். வயிற்றுப் பிள்ளையோடு இடம் தேடி அலைகிற பெண்ணுக்கு வழி தெரிய வேண்டுமாம். வீட்டில் இளையவர்தான் அதை ஏற்ற வேண்டும் என்று டீச்சரை ஏற்றச் சொன்னார். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏற்றினாள். கீழே தெருவில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கார்த்திகையில் மழைக்கு நடுவே எரிகிற அகலைப் பார்ப்பது போலவே இருந்தது. குளிர் மட்டும் இல்லை.

ஜனவரி பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் பெண்களுக்கென்று ஒரு பண்டிகை வந்தது. அன்றைக்கு ஆம்பிளைகள்தான் வீட்டு வேலை செய்ய வேண்டுமாம். சோஹாரிலிருந்து வந்திருந்த மருமகன் ஏப்ரன் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். நானும் என் மகளும் அவர்கள் சோபாவில் உட்கார்ந்து கேக் தின்றோம்.

"எம்மா, இந்தப் பண்டிகைய நம்ம வீட்லயும் வச்சுக்கிடுவமா?" என்றாள் மகள். எங்களோடு வந்திருந்த மாப்பிள்ளை காதில் விழாத மாதிரி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் பசுக்காரியின் நாள். அந்தம்மாள் அந்தத் துணியைக் காட்டினார். முழ நீளம் இருக்கும், வெள்ளை லினன் துணி, துவைத்துத் துவைத்து வாழைப்பூ இதழ் மாதிரி வழவழத்துப் போயிருந்தது. அவருடைய அம்மாவின் துணியாம். ஒரு வருஷம்கூட விடாமல் வெளியே போட்டு எடுத்த துணிக்குத்தான் பலம் அதிகம். டீச்சர் பிறந்தபோதும் இந்தத் துணிதான். போன இரண்டு முறை டீச்சர் இங்கே இருந்தாள், துணி அங்கே இருந்தது. இந்த முறை துணியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். பசுக்காரி இவ்வளவு தூரம் வருவாளா என்று மகள் விளையாட்டாகக் கேட்டாள். அந்தம்மாள் வருத்தப்படவில்லை. "பசுவுக்கு விசாவா?" என்று கேட்டாராம்.

இந்த ஊரில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. அதனால் கீழே, கார் நிறுத்துகிற இடத்து ஓரத்தில், காகிதப்பூச் செடி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அவர் ஊரிலும் செடியில்தான் போடுவார்களாம்.

கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் எங்கள் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் அந்தம்மாள். பின்னால் லிஃப்டுக்குப் பக்கத்தில் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. பிரஷர் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு உடனே வரச்சொல்லிவிட்டார்கள் என்று அந்தம்மாளின் கையும் வார்த்தையும் சொன்னதில் புரிந்துகொண்டேன். அந்தம்மாள் துணியை என் கையில் வைத்து, கையோடு சேர்த்து மூடினார்.

"நைட், அவுட்சைட். மார்னிங், சன் மாஃபி, யூ டேக். ப்ளீஸ்."

சூரியன் வருமுன்னே எடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தலையை ஆட்டிவிட்டேனே தவிர, எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைத் துணியைப் பொழுது அடைந்தபின் வெளியே விடவே மாட்டோம். மேலே பறவை பறந்தால் அந்தத் தோஷம் துணியில் இறங்கி, பிள்ளை தேய்ந்து போகும். என் மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது அப்படித்தான் தேய்ந்தாள். கால் இரண்டும் குச்சியாகி, அழக்கூடச் சத்துக் கிடையாது. கொடியில் கிடந்த துணியை நான் எடுக்க மறந்ததுதான் காரணம் என்று மாமியார் சொன்னார். ஊரே சொன்னது. நான் மறந்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனாலும் சொல்லச் சொல்ல, கொடியில் ஒரு துணி ஆடுவது எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. மகள் பிழைத்து வளர்ந்துவிட்டாள். அந்தத் துணி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்போது இரண்டு முறை தங்காத வயிற்றுக்கு, என் கையாலேயே, ராத்திரி முழுக்கத் துணியை வெளியே போட வேண்டும். போடாவிட்டால் அந்தம்மாளின் நம்பிக்கை போகும். போட்டால், புறாக்கள் அடைகிற கட்டடம் இது. மேலே ஏதாவது மூடலாமா என்றால் பனி இறங்காது. பசுக்காரியின் கையும் படாது.

யோசித்து யோசித்து அடுக்களைக்குப் போனேன். பொங்கலுக்கு மீனா பஜார் பக்கம் வாங்கின மஞ்சள் கொத்தில் கிழங்கு மிச்சம் இருந்தது. ஒரு துண்டு உடைத்து, நாலு வேப்பிலையோடு சேர்த்துத் துணியின் ஓரத்தில் முடிந்தேன். மஞ்சள் இருந்தால் எந்தத் தோஷமும் அண்டாது. பசுக்காரிக்கும் மஞ்சள் பிடிக்காமலா போகும், அவளும் பெண்பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே எங்கள் கட்டட வாட்ச்மேன், சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை, நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாத்தா, அதிசயமாக் கீழ எறங்கிட்டீக? கையில துணி வேற. மெஷினு கெட்டுப்போச்சா?"

"இல்லைய்யா. இதை அந்தச் செடியில போடணும்."

"போட்டு?"

"காலைல எடுக்கணும்."

"ஏன் ஆத்தா, முனிசிபாலிட்டிக்காரன் பாத்தான்னா எனக்குல்ல மண்டகப்படி!"

தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"வெள்ளக்காரவுகளுக்கும் இதெல்லாம் உண்டா?"

"உண்டாம்."

"என் பய பொறக்கையில நான் ஜெபல் அலி கேம்புல கெடந்தேன். போன்ல சத்தந்தான் கேட்டேன்." கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தான். "போடுங்காத்தா. சுவத்துப் பக்கமாப் போடுங்க. எவனாச்சும் கேட்டா மாடியில இருந்து பறந்து வந்து விழுந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்."

மகள் வந்ததும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எம்மா, எனக்கு அப்பம் வயித்துல பூச்சி. டாக்டரு மருந்து குடுத்த பெறகுதான தேறுனேன்? பறவையா வந்து என் சதையக் கொத்திட்டுப் போச்சு?"

"உங்க ஆச்சி சொன்னாகளே."

"ஆச்சி ஆயிரம் சொல்லுவா. நீ பேசாம இருந்தா எல்லாரும் சொல்லத்தான் செய்வாக."

அன்று விடிவதற்கு முன் ஒரு கனவு. கடல்வாய்க்கால் ஓரமாக, படகுத்துறைப் பக்கம், ஒரு வெள்ளைப் பசு வருகிறது. காதுகள் மட்டும் சிவப்பு. அதன் மணிச்சத்தம் கார்களுக்கு நடுவில் கேட்கிறது. ஓட்டி வருகிறவளின் முகம் எனக்குத் தெரியவில்லை, முக்காடுதான் தெரிகிறது. சிக்னலில் பசு நின்றது. எல்லா வண்டிகளும் நின்றன. அவள் கை நீட்டி ஒவ்வொரு வண்டியாகத் தடவிக்கொண்டே போனாள். தடவின இடமெல்லாம் ஈரமானது.

எழுந்து பால்கனிக்குப் போனேன். ஊரைக் காணோம். அப்படி ஒரு மூடுபனி. எதிர்க் கட்டடம், கோபுரங்கள், ரோடு எல்லாம் கரைந்து போய், பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. கீழே இறங்கினேன். கார்களின் மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. காகிதப்பூ இலையிலிருந்து சொட்டியது. நான் கனவிலேயே நடக்கிறேனோ என்று தோன்றியது. செருப்பில் ஏறின ஈரம்தான் இல்லை என்று சொன்னது.

துணியைத் தொட்டேன். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. வாட்ச்மேன் தன் டார்ச்சை அடித்தான்.

"ஆத்தா, துணி வெள்ளையால்ல இருந்துச்சு?"

மஞ்சள் இறங்கியிருந்தது. முடிந்த ஓரத்திலிருந்து பாதித் துணிக்கும் மேல், வயலில் வெயில் ஏறுகிற மாதிரி, மஞ்சள் ஏறியிருந்தது. அவர் அம்மாவின் துணி. அத்தனை வருஷம் வெள்ளையாகவே இருந்த துணி.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நானும் மகளும் அதையே பார்த்தோம். முடிச்சை அவிழ்த்து மஞ்சளையும் வேப்பிலையையும் எடுத்தேன். கறை கறையாகவே இருந்தது.

"சோப்புப் போட்டு அலசிருவமா?" என்றாள் மகள்.

"அலசுனா பனியும் போயிருமே."

"அப்பம் இப்படியே குடுப்பியா? அவுகளுக்கு என்ன பதில் சொல்லுவ?"

ஆஸ்பத்திரியிலிருந்து அதற்குள் செய்தி வந்துவிட்டது. டீச்சருக்கு வலி கண்டுவிட்டது, பிரஷர் இறங்கவில்லை, இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்கிறார்கள். மருமகன் சோஹாரிலிருந்து கிளம்பியவர் பார்டர் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். துணி எங்கே என்று அந்தம்மாள் கேட்கிறாராம்.

"யல்லா, கெளம்பு," என்றாள் மகள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

கார் பனிக்குள் ஊர்ந்தது. துணியை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மடியில் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி எங்களைக் கூட்டிக்கொண்டு போனது.

பிரசவ அறைக்கு வெளியே நாற்காலியில் அந்தம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் சிறுத்துப் போயிருந்தார். தூக்கைத் திறந்து துணியை நீட்டினேன். மஞ்சளைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

"சாரி."

அவர் துணியை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி இழுத்து மோந்தார். அப்புறம் ஒரு முனையை விரல்களுக்குள் அழுத்தினார். தண்ணீர் ஒரு சொட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தச் சொட்டைத் தன் நெற்றியில் தடவிக்கொண்டு, எழுந்து கதவுக்கு உள்ளே போனார்.

அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே பனி விலகி, ஒவ்வொரு கட்டடமாக ஊர் திரும்பி வந்தது. மகள் காப்பி வாங்கி வந்தாள். ஆறிப்போனது. கொடியில் துணி ஆடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் இல்லாமலே பிறந்தது. பெண் பிள்ளை. மலையாளத்து நர்ஸ் ஒருத்தி வந்து தமிழில் சொன்னாள். சொன்னவள் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அம்மே? பேபிக்கு ஒரு கன்னத்துல மட்டும் மஞ்ச நெறம். டாக்டர் வெளக்கப் பிடிச்சுப் பாத்தாரு, பிளட் டெஸ்டுன்னு சொன்னாரு. நான் பஞ்சால தொடச்சேன், போயிடுச்சு. மோந்து பாத்தா எங்க அம்மச்சி அடுக்களை மணம். யாரு பண்ணின வேலை?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் தேறினபின் எங்களை அறைக்குள் விட்டார்கள். டீச்சர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். துணி அவள் கைக்குள் இருந்தது. பிள்ளை கண்ணாடித் தொட்டிலில் கிடந்தது. ரொம்பச் சின்னப் பிள்ளை. விரல்கள் துவரங்காய் மாதிரி இருந்தன. அந்தம்மாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, துணியைக் காட்டி, ஏன் என்பது போலக் கையை விரித்தார்.

நான் இரண்டு கையையும் தூக்கிச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினேன். பறவை. அப்புறம் பிள்ளையைக் காட்டி, கன்னத்தை உள்ளே உறிஞ்சி மெலிவதைக் காட்டினேன். இந்த வயதில், ஒரு ஆஸ்பத்திரியில், நான் சிறகடித்தது எனக்கே நம்ப முடியவில்லை. மகள் மீதியைச் சொன்னாள். சொல்லும்போது தன் குச்சிக் கால்களையும் ஆச்சி சொன்னதையும் அவளாகவே சேர்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்தம்மாள் சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அவுக ஊர்ல மண்மேட்டுக்குள்ள ஒரு கூட்டம் இருக்காம்மா. கண்ணுக்குத் தெரியாதாம். நல்லா இருக்கிற பிள்ளையத் தூக்கிட்டு, அதே மாதிரி நோஞ்சான் பிள்ளை ஒண்ணத் தொட்டில்ல போட்டுட்டுப் போயிருமாம். அதுதான் மெலிஞ்சு மெலிஞ்சு அழுதுக்கிட்டே கெடக்குமாம்."

நான் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"கேளு," என்றேன். "அப்படி மெலிஞ்ச பிள்ளையோட அம்மாவ ஊர்ல என்ன சொல்லுவாகன்னு கேளு."

மகள் கேட்டாள். அந்தம்மாள் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா மேலதான் பழியாம். தொட்டில விட்டுட்டு எங்கட்டிப் போனன்னு கேப்பாகளாம். அந்தம்மாவோட அம்மாவையும் கேட்டாகளாம்."

நானும் அந்தம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் தலை குனியவில்லை. கொடியில் துணி இருந்ததா இல்லையா என்று இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

"அதுக்கு என்ன செய்வாகளாம்?" என்றேன்.

"இரும்பு வைப்பாகளாம். அடுப்புக் கங்கு எடுக்கிற இடுக்கியத் தொட்டிலுக்குக் குறுக்க வைப்பாகளாம். அந்தக் கூட்டம் இரும்பத் தாண்டாதாம்."

இதைச் சொல்லிவிட்டு அந்தம்மாள் அறையைச் சுற்றும்முற்றும் பார்த்தார். கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர், பஞ்சு. தொட்டில்கூட பிளாஸ்டிக்தான். இடுக்கிக்கு எங்கே போவது? அவர் முகம் மறுபடி சின்னதாகிக்கொண்டு வந்தது.

நான் என் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளில் பெரியதைக் கழற்றினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அயர்ன்?" என்றார்.

"கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் முலாம்னு சொல்லு," என்றேன் மகளிடம்.

"அச்சா," என்றார் அந்தம்மாள். பிள்ளைக்கு எட்டாத பக்கமாக, தொட்டிலின் வெளிப்புறத்தில் பேர் எழுதித் தொங்கவிட்டிருந்த துணிப்பட்டையில், ஊக்கைக் குத்தி இறுக்கமாக மூடினார். மூடிவிட்டதா என்று என்னையும் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்திப் பார்த்தேன்.

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஊக்கைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் ஒண்ணும் பாக்கலை கேட்டோ," என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சூடு பார்க்கக் குனிந்தாள்.